பிறர் பெயருக்கு வந்த கடிதங்கள்

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, தரம் ஒன்பது மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், உங்க வீட்டுக் கரண்ட வெட்டிட்டுப் போறாங்க. நான் கேட்டேன், பெரிய தொகை பாக்கியாம்” என்றார். அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஏழு வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஏழு வாரத்தில் என்ன பெரிய தொகை வந்துவிடும், வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாடசாலை முடிந்து வீட்டுக்குப் போய், வாசற்கதவில் செருகியிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். வீட்டு இலக்கம் சரியாகவே இருந்தது. பெயர் மட்டும் எங்களுக்கு வீட்டை விற்றவருடையது. தொகை 186,450 ரூபாய்.

விற்றவர் கட்டாமல் விட்ட நிலுவை வாங்கியவர் தலையில் வந்து விழலாம் என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த ஒன்பது இருட்டு நாட்களிலும் நினைத்தேன். சொல்வதற்கு எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என் தாத்தா, அப்பா, அம்மா எல்லோரும் இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர்கள். அந்தக் காம்பரா ஒருநாளும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. காணியின் உரிமைப் பத்திரமான உறுதி, நில அளவைப் படம், வீட்டுக்கு உள்ளூராட்சிச் சபை அறவிடும் ஆதன வரி என்னும் சொற்கள் எங்கள் வீட்டுப் பேச்சில் வந்ததே இல்லை. எங்கள் வம்சத்தில், உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசு முன்னிலையில் காணி உறுதியில் கையொப்பமிட்ட முதல் ஆள் நான். கணவர் வெளிநாட்டில் ஹோட்டலில் வேலை செய்கிறார். ஆகவே வீடு பார்த்தது, விலை பேசியது, வங்கிக்கு நடந்தது எல்லாம் நான் ஒருத்தியாகவே செய்தவை. காணி விடயத்தில் ஏமாறக்கூடாது என்ற பயம் நிறைய இருந்தது. அந்தப் பயம் முழுவதையும் உறுதியின் மேலேயே வைத்துவிட்டேன்.

வீடு ஒன்பது பேர்ச்சஸ் நிலத்தில் உள்ள பழைய வீடு. விலை 78 இலட்சம். விற்றவர் எங்கள் நகரத்தில் நீண்ட காலம் கடை வைத்திருந்தவர். எல்லோரும் அவரை முதலாளி என்றே அழைப்பார்கள். கடையை மூடிய பின்னர் மேல் மாடி அறைகளை உத்தியோகத்தர்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். மலைநாட்டுக் குளிரில் அறைக்கு அறை சுடுநீர்க் கருவி பொருத்தியிருந்தது எனக்கு அப்போது ஒரு வசதியாகத் தெரிந்தது. அவற்றுக்கு மின்சாரம் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

என் சட்டத்தரணி தன் வேலையில் குறை வைத்தார் என்று சொல்ல மாட்டேன். காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்தைத் தேடிப் பார்த்தார். ஈடு வைக்கப்படவில்லை, வழக்கு எதுவும் பதிவாகவில்லை, உரித்து சுத்தமாக இருக்கிறது என்றார். 2023 நவம்பர் 24ஆம் திகதி உறுதி எழுதினோம். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்று முத்திரைத் தீர்வை மட்டுமே 311,000 ரூபாய் போனது. அதைக் கட்டிய அன்று என் சேமிப்புப் புத்தகத்தில் மீதி இருந்த தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உறுதியில், இந்த ஆதனம் சகல பொறுப்புகளிலிருந்தும் விடுபட்டது என்று ஒரு வசனம் உண்டு. அதை வாசித்துக் காட்டியபோது மனம் நிறைந்துபோனது. ஆனால் காணிப் பதிவகத்தின் ஏடுகளில் ஈடும் குத்தகையும் வழக்கும் பதியப்படுமே தவிர, ஒரு வீட்டின் மின்சாரக் கட்டணம் எத்தனை மாதமாகக் கட்டப்படவில்லை என்பது எந்த ஏட்டிலும் ஏறாது. நூறு வருடத்துக்குத் தேடினாலும் அங்கே அது கிடைக்காது. அது இருப்பது மின்சாரக் காரியாலயத்துக் கணினியில். அங்கே போய்க் கேட்க வேண்டியவள் நான். கேட்கவில்லை.

உறுதி எழுதுவதற்கு முதல் வாரம், “கரண்ட் பில், தண்ணி பில் எல்லாம் கட்டியிருக்குதானே, ஐயா?” என்று முதலாளியிடம் கேட்டேன் என்பது உண்மை. அவர் உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். ஒக்டோபர் மாதம் 12,000 ரூபாய் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டு அது, அசல், போலி அல்ல. நான் அதைப் படம் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று எண்ணிவிட்டேன். பற்றுச்சீட்டு என்பது ஒருவர் எவ்வளவு கட்டினார் என்பதற்குச் சாட்சி. எவ்வளவு கட்டாமல் விட்டார் என்பதை அது சொல்லாது. அதைப் பார்க்க வேண்டிய இடம் மாதாந்தப் பட்டியல், அதிலும் முன்னைய நிலுவை என்று போட்டிருக்கும் வரி. அந்தப் பட்டியலை அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னர் கிடைத்த கணக்கின்படி, அந்த ஒக்டோபரில் அவருடைய ஒரு மாதக் கட்டணமே 25,000 ரூபாயைத் தாண்டியிருந்தது.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. குடிவந்த நாள் முதல் தபாலில் முதலாளியின் பெயருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பிறருடைய கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை நான். எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அவர் வந்தால் கொடுக்கலாம் என்று சமையலறை ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். மின்சாரம் வெட்டப்பட்ட அன்று மாலை, மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தபோது உள்ளே சிவப்பு எழுத்தில் இரண்டு அறிவித்தல்கள், தண்ணீர்க் கட்டணத்துக்கு ஒன்று, உள்ளூராட்சிச் சபையின் வரிப் பிரிவிலிருந்து ஒன்று, தொலைபேசி நிறுவனத்திலிருந்து ஒன்று, ஒரு கல்யாண அழைப்பிதழ். கல்யாணம் முடிந்துபோயிருந்தது. டிசம்பரிலேயே பிரித்திருந்தால் வெட்டுவதற்கு முன் பேசுவதற்கு எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைத்திருக்கும். நீங்கள் வீடு வாங்கினால், பழைய பெயருக்கு வரும் கட்டணப் பட்டியலை உங்கள் வீட்டைப் பற்றிய கடிதமாகவே எண்ணுங்கள். பிரிக்க மனம் வராவிட்டால் உறையின் வெளியே உள்ள அலுவலகப் பெயரைப் பார்த்து, அதே கையோடு அங்கே போய் விசாரியுங்கள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு மின்சாரக் காரியாலயத்துக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “மிஸ், இது உங்க கடன் இல்லன்னு எனக்கு விளங்குது. ஆனா இந்தக் கணக்கு இந்த வீட்டுக்குரியது. நிலுவை இருக்கிற வரைக்கும் திரும்ப இணைக்கவும் ஏலாது, உங்க பேருக்கு மாத்தவும் ஏலாது” என்றார். நான் உறுதியைக் காட்டினேன். நவம்பர் 24 வரைக்குமான பாவனைக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மேலே உள்ள அதிகாரியிடம் அனுப்பினார், அவரும் மறுக்கவில்லை. பழையவர்தான் வாடிக்கையாளர், அவரிடமிருந்து அறவிடும் உரிமை தங்களுக்கு உண்டு, ஆனால் அதற்குக் காலம் எடுக்கும், அதுவரை இந்த இடத்துக்கு மின்சாரம் கொடுப்பது கஷ்டம் என்றார். கடன் யாருடையது என்பது ஒரு கேள்வி, இருட்டில் இருப்பது யார் என்பது வேறு கேள்வி என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதலாவதில் நியாயம் முழுவதும் என் பக்கம் இருந்தது. இரண்டாவதில் முதலாளி கொழும்பில் மகள் வீட்டில் மின்விசிறியின் கீழ் இருந்தார்.

கோபமா, அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காரியாலயத்தில் வரிசையில் நின்றவர்களில் இருவர் எங்கள் பாடசாலைப் பெற்றோர். டீச்சர் வீட்டுக் கரண்டை வெட்டிவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு முன்னால் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மகளுக்கு மே மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை. அவள் மாலையில் பக்கத்து வீட்டு அக்காவின் இஸ்தோப்பில் உட்கார்ந்து படித்தாள். கணவரிடம் முதல் மூன்று நாட்கள் சொல்லவில்லை. சொன்னபோது அவர் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நிலுவை எப்படி இவ்வளவு ஏறியது என்பதை அறிய, மாதவாரியான கணக்குக் கூற்று வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். வாயால் கேட்டபோது, கணக்கு என் பெயரில் இல்லை என்பதால் தயங்கினார்கள். உறுதியின் பிரதியையும் அடையாள அட்டையின் பிரதியையும் இணைத்து, வீட்டின் தற்போதைய உரிமையாளர் என்ற முறையில் கேட்கிறேன் என்று தமிழில் கடிதம் எழுதிக் கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்ட பிறகு நான்காம் நாள் தந்தார்கள். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தாலும் இதே தயக்கம் இருந்திருக்கும். ஆகவே வீடு வாங்க நினைப்பவர்கள் விற்பவரையே கூட்டிக்கொண்டு கருமபீடத்துக்குப் போவது நல்லது. அவரால் வர முடியாவிட்டால், தன் கணக்கின் விபரத்தை இன்னாருக்குக் கொடுக்கலாம் என்று அவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வரவும் மாட்டேன், கடிதமும் தர மாட்டேன் என்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். அந்த மறுப்பே உங்களுக்குத் தேவையான விபரம்.

கூற்றைப் பார்த்ததும் கதை விளங்கியது. 2022 ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம் கூடியது. அந்த இரண்டு உயர்வுகளும் நாட்டில் எத்தனையோ வீடுகளைச் சாய்த்தன என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாளி அறை வாடகையைக் கூட்டினாரோ இல்லையோ, மின்சாரத்துக்குத் தான் வழக்கமாகக் கட்டிய பத்து, பன்னிரண்டாயிரத்தை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஏதோ ஒரு தொகை வந்துகொண்டே இருந்ததால் இணைப்பு வெட்டப்படவில்லை. மிகுதி மாதம் பதினான்காயிரம், பதினைந்தாயிரமாகச் சேர்ந்துகொண்டே போனது. இதை எழுதும்போது அவர் மேல் ஒரு துளி இரக்கம் வருகிறது, மறைக்கவில்லை. நெருக்கடிக் காலத்தில் நாங்களும் விறகு பொறுக்கியவர்கள்தான். ஆனால் நிலுவை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி, விலையில் இரண்டு இலட்சத்தைக் கழித்திருந்தால் நான் கைகூப்பியிருப்பேன்.

186,450இல் எங்களுடைய பாவனை 7,900 ரூபாய்தான். அதைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாடாக இருந்தது, ஏனென்றால் உறுதி எழுதிய அன்று மீட்டரில் என்ன வாசிப்பு இருந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. டிசம்பர் மாதப் பட்டியலில் இருந்த வாசிப்பை வைத்து, நாட்களைப் பிரித்து, ஒரு மதிப்பீடாகத்தான் கணக்கிட முடிந்தது. சாவி கைமாறும் அன்று மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் இலக்கம் தெரியும்படி படம் பிடியுங்கள். அந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதி விற்றவரும் வாங்கியவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அந்த இரண்டு நிமிடத்தையும் பால் காய்ச்சுவதற்கு நல்ல நேரம் பார்ப்பதில் செலவழித்தேன்.

மின்சார விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். முதலில் காரியாலயத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, அங்கே தீராவிட்டால் ஆணைக்குழுவுக்குப் போவது முறை. பரீட்சை இல்லாத வருடமாக இருந்திருந்தால் நான் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் பிள்ளை மெழுகுதிரியில் படிக்க, நான் நியாயத்துக்காகக் காத்திருக்க மனம் இடம் கொடுக்கவில்லை. கட்டுவது என்று முடிவெடுத்தேன். தவணைக்கு விட்டார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். முதலில் 75,000, மிகுதி 111,450ஐ மூன்று மாதத்தில் 37,150 வீதம். முதல் தொகைக்கு என் தாலிக்கொடியைத் தவிர இருந்த ஒரே சங்கிலியை அடகு வைத்தேன். தவணைகளுக்கு, மகளின் மேற்படிப்புக்கென்று போட்ட சீட்டை முன்கூட்டியே எடுத்தேன், அதில் ஏழாயிரம் கழிவு போனது. பெப்ரவரி 15ஆம் திகதி மாலை மின்சாரம் வந்தது.

கட்டுவதற்கு முன்னால் என் சட்டத்தரணி சொல்லிக் கொடுத்த ஒரு காரியம் பின்னர் பெரிய உதவியாயிற்று. இது என் கடன் என்று ஒப்புக்கொண்டு கட்டவில்லை, இணைப்பை மீளப் பெறுவதற்காக முன்னைய உரிமையாளரின் கடனைச் செலுத்துகிறேன், அவரிடமிருந்து மீளப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதிக் காரியாலயத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி, ஒவ்வொரு பற்றுச்சீட்டோடும் சேர்த்துக் குத்தி வைத்தேன். வெறும் பற்றுச்சீட்டு மட்டும் இருந்திருந்தால், டீச்சர் தன் பில்லைத் தானே கட்டினார் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருப்பார். பின்னாளில் அப்படியே சொல்லியும் பார்த்தார்.

தண்ணீர்க் கட்டணம் 31,280 ரூபாய் நிலுவை. இங்கே கதை சற்று வேறு. கணக்கு இலக்கம் ஒன்றுதான் என்று நினைத்திருந்த எனக்கு, வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் இன்னொரு மீட்டர் இருப்பது அந்த அலுவலகத்தில் சொல்லித்தான் தெரிந்தது. வாடகை அறைகளுக்காக எடுத்த இணைப்பு அது. புதருக்குள் கிடந்த அந்தக் குழாயில் ஒழுக்கும் இருந்தது. வீடு பார்க்கப் போகும்போது கூரையையும் சுவரையும் பார்ப்பதுபோல, எத்தனை மின் மீட்டர், எத்தனை தண்ணீர் மீட்டர் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முள் ஓடுகிறதா என்றும் ஒருமுறை நின்று கவனியுங்கள். பின்பக்க இணைப்பை நான் நிரந்தரமாகத் துண்டிக்கச் செய்தேன்.

ஆதன வரி விடயத்தில் வாதாடுவதற்கே இடமில்லை. அது ஆளின் மேல் விழும் வரியல்ல, ஆதனத்தின் மேல் விழுவது. வீடு யார் கைக்குப் போனாலும் நிலுவை வீட்டோடு போகும், கட்டாவிட்டால் சபை பறிமுதல் கட்டளை வரை போகலாம். மூன்று வருட வரியும் அறிவித்தல் செலவும் சேர்த்து 16,940 ரூபாய் வந்தது. உறுதி எழுதும் முன்னர் சபையில் உரிமைச் சான்றிதழும், ஆதனம் சபையின் உரிமைக்குப் போகவில்லை என்று காட்டும் பாரதீனப்படுத்தப்படாமைச் சான்றிதழும் கேட்டு விண்ணப்பித்திருந்தால், வரி நிலுவையை அவர்களே பார்த்துச் சொல்லியிருப்பார்கள். என் விடயத்தில் அந்தச் சான்றிதழ்களை விற்பவர் தருவதாகச் சொல்லி, அவசரத்தில் பழைய பிரதிகளைக் கொடுத்திருக்கிறார். திகதியைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, நானும் சேர்த்துத்தான். வரிப் புத்தகத்தில் பெயரை மாற்றிக்கொண்ட பிறகு, இப்போது வருட வரியை ஜனவரி 31க்கு முன்னால் ஒரே தடவையில் கட்டி 10 வீதக் கழிவையும் வாங்கிக்கொள்கிறேன். பட்ட பிறகு வந்த புத்தி என்று அம்மா சிரிக்கிறார்.

தொலைபேசி நிறுவனத்தின் கடிதத்தைக் கண்டு மட்டும் நான் வீணாகப் பயந்துவிட்டேன். அது முதலாளி தன் பெயரில் செய்துகொண்ட ஒப்பந்தம், வீட்டோடு ஒட்டுவதல்ல. அவர் இந்த விலாசத்தில் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். என் பெயரில் புதிய இணைப்பு எந்தத் தடையுமின்றிக் கிடைத்தது. வங்கிக் கடன் கடிதங்களும் அப்படியே, வீடு ஈடு வைக்கப்படாத வரைக்கும். வரும் கடிதத்தையெல்லாம் கண்டு நடுங்காமல், இது வீட்டைத் தொடருமா, ஆளைத் தொடருமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

இனி முதலாளியிடம் வருவோம். மின்சாரம் வெட்டப்பட்ட அன்று மாலையே அழைத்தேன். “அப்பிடியா டீச்சர், நான் கட்டினேனே, கம்ப்யூட்டர்ல ஏதோ பிழையா இருக்கும்” என்றார். இரண்டாம் முறை, அடுத்த மாதம் பார்த்துத் தருகிறேன் என்றார். மூன்றாம் முறை மகள் எடுத்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார். அதன் பிறகு தொலைபேசி எடுபடவில்லை. மார்ச் மாதத்தில் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன், அதற்கு 7,500 ரூபாய். எங்கள் பாவனையைக் கழித்து, மின்சாரம் 178,550, தண்ணீர் 31,280, வரி 16,940, ஆக மொத்தம் 226,770 ரூபாய் என்று அதில் கணக்குக் காட்டினோம். பதில் வரவில்லை.

இந்த அளவுத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும் என்று சட்டத்தரணி சொன்னார். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சபைகள் இவை. எங்கள் பகுதிச் சபை வார இறுதியில் கூடுவது நான் படிப்பிக்கும் பாடசாலையில்தான். வாரத்தில் ஐந்து நாள் நான் நிற்கும் வகுப்பறையில், பிள்ளைகளின் சிறு மேசைகளை ஒன்றுசேர்த்துப் போட்டு மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்திருக்க, நான் எதிரே பிள்ளையைப்போல உட்கார்ந்தேன். முதல் அழைப்புக்கு முதலாளி வரவில்லை. இரண்டாவதற்கு மருமகனோடு வந்தார். மெலிந்துபோயிருந்தார். டீச்சர் வீடு வாங்கும்போது எல்லாவற்றையும் பார்த்துத்தானே வாங்கினார் என்று மருமகன் கேட்டார். முத்திரை வைத்த என் மூன்று வரிக் கடிதத்தையும் மாதவாரிக் கூற்றையும் மேசையில் வைத்தேன். மத்தியஸ்தர்களில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருந்தார். அவர் கூற்றை வரி வரியாக வாசித்துவிட்டு, “முதலாளி, இந்த லைட்டு எல்லாம் உங்க வீட்டுலதானே எரிஞ்சது?” என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் 150,000 ரூபாய்க்கு, மூன்று தவணையாக, இணக்கம் எழுதினோம். முழுத் தொகையையும் கேட்டு நின்றிருக்கலாம் என்று இப்போதும் சில சமயம் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அந்த வகுப்பறையை விட்டு வெளியே வருவது.

இவ்வளவையும் தவிர்க்க ஒரு வழி இருந்தது என்று பின்னர் கேட்ட அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். விலையில் ஒரு பகுதியை, எங்கள் வீட்டு அளவுக்கு இரண்டு மூன்று இலட்சத்தை, உறுதி எழுதும் அன்று விற்பவர் கையில் கொடுக்காமல் நொத்தாரிசிடம் நிறுத்தி வைப்பது. கடைசி வாசிப்புக்குப் பின்னர் வரும் மின்சார, தண்ணீர்ப் பட்டியல்களும் வரிப் பற்றுச்சீட்டும் நிலுவையில்லை என்று காட்டியதும் அந்தத் தொகையை விடுவிப்பது என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது. சாவி கைமாறும் நாள் வரைக்குமான எல்லாக் கட்டணங்களும் விற்பவரையே சேரும், பின்னர் ஏதாவது வெளிப்பட்டால் அவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற வசனத்தையும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சகல பொறுப்புகளும் என்ற பொதுவான சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். மரியாதைக்குரிய மனிதரிடம் இப்படிக் கேட்பதா என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்திருக்கும். நம் ஊர்களில் முதலாளியிடம் கையெழுத்துக் கேட்பது அவரைச் சந்தேகப்படுவதாகவே பார்க்கப்படும். நொத்தாரிசு இப்படி எழுதச் சொல்கிறார் என்று அவர் மேல் பழியைப் போட்டுவிடுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம் கொடுக்கிறோம்.

நிலுவை தீர்ந்த பிறகு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். உறுதிப் பிரதி, அடையாள அட்டை, கடைசிப் பட்டியல், புதிய பாதுகாப்பு வைப்பு என்று மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. மீளிணைப்பு, பெயர் மாற்றம், வைப்பு எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். மொத்தத்தில் பதினொரு நாள் லீவு போனது. ஜூலை மாதம் முதன்முறையாக என் பெயர் போட்ட மின்பட்டியல் வந்தது. மகள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள்.

முதலாளியின் முதல் இரண்டு தவணைகளும் வந்தன, 50,000 வீதம். மூன்றாவது வரவில்லை. அதற்குப் பதிலாக ஒருநாள் மாலை அவரே அழைத்தார், பல மாதங்களுக்குப் பிறகு. குரலில் பழைய உற்சாகம். மின்சாரக் காரியாலயத்தில் பல வருடங்களுக்கு முன்னர் தான் கட்டிய பாதுகாப்பு வைப்பு இன்னும் தன் பெயரில் கிடக்கிறதாம், அதைத் திருப்பி எடுக்க, வீடு இப்போது என் பெயரில் இருக்கிறது என்று நான் ஒரு கடிதம் தர வேண்டுமாம். “உங்களுக்குச் சிரமம் இல்லாட்டி, டீச்சர்” என்றார். கடிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், மூன்றாவது தவணையைக் கொண்டுவரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றேன். கடிதம் இன்னும் அதே பொலித்தீன் பையில், அதே ஆணியில் தொங்குகிறது.